வியன்னா யூதர்களைக் காத்த லூதியானா வணிகர் குந்தன்லால்

முன்னுரை

குந்தன்லால் பஞ்சாபில் உள்ள லூதியானா நகரைச் சேர்ந்த வணிகர். 1938ஆம் ஆண்டு சிகிச்சைக்காக ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்குச் சென்றார். அங்கே நாஜி ஆட்சியில் உயிருக்கு அஞ்சி வாழ்ந்துகொண்டிருந்த ஐந்து யூதக் குடும்பங்கள் இந்தியா வந்து சேர வழி செய்தார். அவரிடம் அரசுப் பதவி இல்லை, படையும் இல்லை. வேலை தருவதாக அவர் எழுதிக் கொடுத்த கடிதங்களே அந்தக் குடும்பங்களைக் காத்தன.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இந்தச் செய்தி வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது. அவருடைய மகள் வயிற்றுப் பேரன் வினய் குப்தா, தாய் சொன்ன ஒரு குடும்பச் செய்தியைப் பின்பற்றிக் கடிதங்களையும் ஆவணங்களையும் தேடி ஆங்கிலத்தில் நூலாக எழுதிய பிறகே இது பரவலாகத் தெரியவந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யூதர்களைக் காத்த எளிய மனிதர்களை உலகம் எவ்வாறு நினைவுகூர்கிறது, அந்த நினைவில் குந்தன்லால் போன்றோருக்கு இடம் உண்டா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1938இல் வியன்னா

1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. எதிர்ப்பு ஏதுமின்றி அந்நாடு ஜெர்மனியோடு இணைக்கப்பட்டது. அப்போது ஆஸ்திரியாவில் சுமார் 1,90,000 யூதர்கள் வாழ்ந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வியன்னாவில் இருந்தனர். மருத்துவம், சட்டம், இசை, வணிகம், கைத்தொழில் எனப் பல துறைகளில் அந்நகரின் வாழ்க்கையோடு அவர்கள் கலந்திருந்தனர்.

ஜெர்மனியில் ஐந்தாண்டுகளில் படிப்படியாக நடந்தவை வியன்னாவில் சில வாரங்களிலேயே நடந்து முடிந்தன. யூதர்களின் கடைகள் பறிக்கப்பட்டன. வேலையில் இருந்தவர்கள் நீக்கப்பட்டனர். மதிப்போடு வாழ்ந்த ஆண்களும் பெண்களும் தெருவில் மண்டியிட்டுத் தரையைத் தேய்க்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். சுற்றி நின்று சிரித்தவர்களில் அவர்களுடைய அண்டை வீட்டாரும் இருந்தனர்.

அந்த ஆண்டு நவம்பர் 9, 10 ஆகிய நாள்களில் ஜெர்மனி, ஆஸ்திரியா முழுவதும் யூதர்கள் மீது திட்டமிட்ட வன்முறை ஏவிவிடப்பட்டது. வியன்னாவின் தொழுகைக் கூடங்களில் பெரும்பாலானவை எரிக்கப்பட்டன. இரு நாடுகளிலும் சுமார் 30,000 யூத ஆண்கள் பிடிக்கப்பட்டு வதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். நாட்டை விட்டு வெளியேறப் போவதற்கான சான்றைக் காட்டியவர்கள் பலர் விடுவிக்கப்பட்டனர். ஆகவே வெளிநாடு ஒன்றின் விசா என்பது பயணத்துக்கான தாளாக மட்டும் இருக்கவில்லை. சிறையின் சாவியாகவும் இருந்தது.

கதவடைத்த நாடுகள்

அந்தக் கட்டத்தில் நாஜி அரசு யூதர்கள் வெளியேறுவதைத் தடுக்கவில்லை. உடைமைகளைப் பறித்துக்கொண்டு அவர்களை விரட்டவே விரும்பியது. 1938 ஆகஸ்டில் அடோல்ஃப் ஐக்மன் என்ற அதிகாரியின் பொறுப்பில் இதற்கென்றே வியன்னாவில் ஓர் அலுவலகம் திறக்கப்பட்டது. சொத்தை இழந்து, வரி கட்டி, தாள்களில் முத்திரை பெற்றவர்கள் வெளியேறலாம். ஆனால் எங்கே போவது?

1938 ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் அழைப்பின் பேரில் பிரான்சில் உள்ள எவியான் நகரில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடினர். அகதிகள் மீது இரக்கம் தெரிவித்துப் பலரும் பேசினர். ஆனால் தங்கள் நாட்டில் கூடுதலாக இடம் தர ஏறக்குறைய எவரும் முன்வரவில்லை. சிறிய நாடான டொமினிக்கன் குடியரசே பெரிய எண்ணிக்கையில் ஏற்பதாக அறிவித்தது.

இந்தியா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. நாட்டுக்குள் யாரை அனுமதிப்பது என்பதை இந்தியர்கள் முடிவு செய்ய இயலவில்லை. வருகிறவர் அரசுக்குச் சுமையாக இருக்க மாட்டார் என்பதற்கு வேலையோ, பொறுப்பேற்கும் ஒருவரோ இருக்க வேண்டும் என்று ஆட்சியாளர்கள் எதிர்பார்த்தனர். 1934இல் பம்பாயில் தொடங்கப்பட்ட யூத நிவாரணச் சங்கம் இத்தகைய உறுதிமொழிகளைத் தந்து அகதிகளுக்கு உதவியது. யூத மருத்துவர்களும் தொழில் வல்லுநர்களும் வந்தால் நாட்டுக்கும் பயன் உண்டு என்று ஜவஹர்லால் நேரு வாதாடினார். இருந்தும் வந்து சேர்ந்தவர்களின் எண்ணிக்கை சிறியதே.

ஆக, 1938இல் ஒரு வியன்னா யூதருக்குத் தேவைப்பட்டவை இரண்டு: தொலைநாட்டில் அவரை வேலைக்கு அழைக்கும் ஒருவர், அந்த அழைப்பை நம்பத்தக்கதாகக் காட்டும் ஒரு தாள். குந்தன்லால் இரண்டையும் தந்தார்.

மருத்துவமனையில் தொடங்கிய அறிமுகம்

குந்தன்லால் நன்றாகப் படித்து, இளமையில் அரசுப் பணியில் சேர்ந்து, பின்னர் அதை விட்டு விலகியவர். மரம், தீப்பெட்டி எனப் பல தொழில்களில் ஈடுபட்டார். 1938இல் அவருக்கு வயது 45. நீரிழிவும் மூலநோயும் அவரை வருத்தின. அக்காலத்தில் வியன்னாவின் மருத்துவம் உலகப் புகழ் பெற்றிருந்தது. அங்கே சிறப்பு மருத்துவர் ஒருவர் இருப்பதாக அறிந்து புறப்பட்டார்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருத்துவமனையில் இருந்தபோது, ஆல்ஃபிரட் வாக்ஸ்லர், லூசி என்ற இளம் தம்பதியரை அவர் சந்தித்தார். அவர்கள் தங்கள் முதல் குழந்தையை எதிர்பார்த்திருந்தனர். ஆல்ஃபிரட் தேர்ந்த மரவேலைக் கலைஞர். வெளியே யூதர்களுக்கு என்ன நடக்கிறது என்பதை குந்தன்லால் அவர்கள் வாயிலாக அறிந்தார்.

அதே மருத்துவமனையில் ஃபிரிட்ஸ் வைஸ் என்ற இளம் வழக்கறிஞரும் இருந்தார். அவர் நோயாளி போல நடித்து அங்கே ஒளிந்திருந்தார். தம் வீட்டுக்கு முன்னாலேயே தெருவைத் துடைக்க வைக்கப்பட்டவர் அவர்.

குந்தன்லால் நினைத்திருந்தால் சிகிச்சையை முடித்துக்கொண்டு கப்பல் ஏறியிருக்கலாம். அந்த மக்களுக்கும் அவருக்கும் மொழி, மதம், ஊர் என எந்தத் தொடர்பும் இல்லை. அவரோ வியன்னாவில் தங்கி, திறமையான தொழிலாளர்கள் இந்தியாவில் வேலை செய்யத் தேவை என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார்.

ஐந்து குடும்பங்கள்

குந்தன்லாலின் உதவியைப் பெற்ற ஐந்து குடும்பத்தாரும் வெவ்வேறு தொழிலைச் சேர்ந்தவர்கள்.

ஆல்ஃபிரட் வாக்ஸ்லருக்கு அறைகலன் செய்யும் தொழிலில் வேலை தருவதாக உறுதி கூறப்பட்டது.

ஃபிரிட்ஸ் வைஸுக்குக் ‘குந்தன் ஏஜென்சீஸ்’ என்ற பெயரில் வேலை வழங்கப்பட்டது. அப்படி ஒரு நிறுவனம் அப்போது இயங்கவில்லை.

ஹான்ஸ் லோஷ் நெசவுத் தொழில்நுட்பம் அறிந்தவர். விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தார். ‘குந்தன் துணி ஆலை’யில் மேலாளர் பதவி, தங்குமிடம், இலாபத்தில் பங்கு ஆகியவை தருவதாக அவருக்குக் கடிதம் எழுதப்பட்டது. அந்த ஆலையும் தாளில் மட்டுமே இருந்தது.

ஆல்ஃபிரட் ஷாஃப்ரானெக் வியன்னாவில் சுமார் 50 தொழிலாளர்களுடன் பிளைவுட் தொழிற்சாலை நடத்தியவர். அவருக்கு இந்தியாவில் நவீன பிளைவுட் தொழிற்சாலை ஒன்றை அமைக்கும் பொறுப்பு தரப்பட்டது. எந்திரத் தொழில் தெரிந்த அவருடைய தம்பி சீக்ஃபிரீடும் குடும்பத்தோடு உடன் வந்தார்.

சீக்முண்ட் ரெட்டர் எந்திரக் கருவி வணிகர். குந்தன்லால் முதலில் தொடர்புகொண்டவர்களில் இவரும் ஒருவர். நாஜி ஆட்சியில் தொழில் நொடித்துப்போன நிலையில் இவருடைய பயணத்துக்கும் ஏற்பாடு நடந்தது.

ஒவ்வொருவருக்கும் வேலைக் கடிதம், பணப் பொறுப்புக்கான உறுதிமொழி, விசா பெறுவதற்கான உதவி ஆகியவற்றை குந்தன்லால் தந்தார்.

வேலைக் கடிதம் எவ்வாறு காத்தது?

இந்த முறையின் வலிமை அதன் சாதாரணத் தோற்றத்தில் இருந்தது. ஓர் இந்திய முதலாளி ஐரோப்பியத் தொழில்நுட்பத்தைத் தம் ஊருக்குக் கொண்டுவர விரும்புகிறார். அதற்குத் தெரிந்த ஆட்களை அழைத்துச் செல்கிறார். அதிகாரிகளின் மேசைக்கு வந்த தாள்கள் இவ்வளவையே சொல்லின. அவற்றில் அகதி என்ற பேச்சே இல்லை. தம் உண்மையான நோக்கத்தை குந்தன்லால் இந்திய அதிகாரிகளிடமோ பிரிட்டிஷ் அதிகாரிகளிடமோ சொல்லவில்லை. லூதியானாவில் இருந்த அவருடைய குடும்பத்தாருக்கே, பல மாதங்கள் கழித்து அவர் திரும்பி வந்தபோதுதான் செய்தி தெரிந்தது.

இத்தகைய ஏற்பாடு நம்பத்தக்கதாக இருந்ததற்குக் காரணம் உண்டு. தொழில் வளர்ச்சிக்கு வெளிநாட்டு வல்லுநர்களை அழைப்பது எங்கும் உள்ள வழக்கம். நெய்வேலியில் வாழ்வோருக்கு இது நன்றாகவே விளங்கும். விடுதலைக்குப் பின் அங்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் அமைந்தபோது ஜெர்மானிய அகழ்வு எந்திரங்கள் வந்தன. முதல் அனல்மின் நிலையம் சோவியத் ஒத்துழைப்போடு உருவானது. எந்திரத்தோடு அதை அறிந்த ஆளும் வருவது இயல்பு என்பதால் யாரும் அதை வியந்து பார்ப்பதில்லை. அந்த இயல்பையே குந்தன்லால் ஐந்து குடும்பங்களுக்குத் திரையாக்கினார்.

வேலை என்பதே உயிர்காக்கும் கருவியாக அமைந்த வேறு சான்றும் வரலாற்றில் உண்டு. ஜெர்மானியத் தொழிலதிபர் ஆஸ்கார் ஷிண்ட்லர் தம் தொழிற்சாலைக்கு இன்றியமையாத தொழிலாளர்கள் என்று கூறிச் சுமார் 1,200 யூதர்களைக் காத்தார். 1993இல் வெளிவந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் திரைப்படத்தால் அவர் பெயர் உலகெங்கும் பரவியது. ஷிண்ட்லர் போர்க் காலத்தில் வதை முகாமின் வாசலில் நின்று செய்ததை, குந்தன்லால் போர் தொடங்குமுன் விசா அலுவலகத்தின் வாசலில் செய்தார். இருவருக்கும் இருந்த ஆபத்து ஒன்றல்ல. ஆயினும் இருவரும் கையாண்ட வழி ஏறக்குறைய ஒன்றே.

லூதியானா வாழ்க்கை

வந்தவர்களுக்கு லூதியானா புதிய உலகமாக இருந்தது. இசை அரங்குகளும் சிற்றுண்டிச் சாலைகளும் நிறைந்த பெருநகரில் வளர்ந்தவர்கள், வெயிலும் புழுதியும் மிகுந்த பஞ்சாப் ஊரில் வாழப் பழக வேண்டியிருந்தது. மொழி தெரியாது, உறவு இல்லை, பிறந்த ஊரில் விட்டுவந்தவர்களின் நிலையும் தெரியாது.

எல்லாருக்கும் அந்த வாழ்க்கை ஒத்துவரவில்லை. ஹான்ஸ் லோஷ் தனிமையைத் தாங்க இயலாமல் சில மாதங்களில் பம்பாய்க்குச் சென்றுவிட்டார். ஃபிரிட்ஸ் வைஸும் இரண்டு மாதங்களுக்குள் கிளம்பிவிட்டார். அவருக்காகத் தொடங்க நினைத்த நிறுவனம் நடக்கவே இல்லை. இவர்கள் விலகிச் சென்றதற்காக குந்தன்லால் மனக்கசப்புக் கொள்ளவில்லை என்று குடும்ப நினைவுகள் கூறுகின்றன. அவர்களை உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பதே அவர் நோக்கமாக இருந்தது என்பதை இது காட்டுகிறது.

வாக்ஸ்லர் குடும்பமும் ஷாஃப்ரானெக் குடும்பங்களும் லூதியானாவில் தங்கின. குந்தன்லால் தம் வீட்டுக்கு எதிரே அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தார். தாளில் எழுதிய வேலைகளில் இரண்டு உண்மையாகவே உருப்பெற்றன. வாக்ஸ்லர் உள்ளூர்ச் சீக்கியத் தச்சர்களோடு சேர்ந்து அறைகலன்கள் செய்தார். ஷாஃப்ரானெக் சகோதரர்கள் பிளைவுட் தொழிலை நிறுவினர். வாக்ஸ்லரின் கையால் ஆன பர்மா தேக்கு மேசை ஒன்று குந்தன்லாலின் குடும்பத்தில் பிற்காலத்திலும் பயன்பாட்டில் இருந்தது.

எதிரிநாட்டவர் என்ற முத்திரை

1939 செப்டம்பரில் போர் மூண்டது. பிரிட்டன் ஜெர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கியதால் இந்தியாவும் அதில் இழுக்கப்பட்டது. ஜெர்மானியக் கடவுச்சீட்டு வைத்திருந்த அனைவரும் எதிரிநாட்டவர் என்று கருதப்பட்டனர். ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டிருந்ததால் வியன்னா யூதர்களின் கடவுச்சீட்டும் ஜெர்மனியுடையதாகவே இருந்தது. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்கள், ஹிட்லரின் நாட்டவர் என்ற பெயரில் தடுத்து வைக்கப்பட்டனர்.

வாக்ஸ்லர், ஷாஃப்ரானெக் குடும்பங்கள் புனேக்கு அருகில் உள்ள புரந்தர் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டன. 1665இல் சிவாஜிக்கும் முகலாயத் தளபதி ஜெய்சிங்குக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்ட கோட்டை அமைந்த மலை அது. மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், வசதி ஏதுமற்ற கொட்டகை வீடுகளில் அவர்கள் வாழ்ந்தனர். 

முகாமிலிருந்து வெளியேறவும் ஒரு வேலை தேவைப்பட்டது. ஊதியம் தரும் வேலை கிடைத்தவர்களை விடுவிக்க அரசு இசைந்தது. ஷாஃப்ரானெக் சகோதரர்களுக்குப் பெங்களூரில் பிளைவுட் தொழிற்சாலை ஒன்றை நடத்தும் வேலை கிடைத்தது. ஆல்ஃபிரட் வாக்ஸ்லருக்குக் கராச்சியில் வேலை கிடைத்து, அவர் குடும்பம் 1942இல் முகாமை விட்டு வெளியேறியது. போருக்குப் பின் ஷாஃப்ரானெக் குடும்பத்தினர் ஆஸ்திரேலியாவுக்கும், வாக்ஸ்லர் குடும்பத்தினர் அமெரிக்காவுக்கும், வைஸ் இங்கிலாந்துக்கும் சென்று குடியேறினர்.

அவர்கள் வியன்னாவிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு எண்களே சான்று. வெளியேற இயலாமல் போனவர்களும், வெளியேறியும் பிற ஐரோப்பிய நாடுகளில் பிடிபட்டவர்களுமாக, ஆஸ்திரிய யூதர்களில் சுமார் 65,000 பேர் கொல்லப்பட்டனர்.

மறைந்திருந்த வரலாறு

குந்தன்லால் பிற்காலத்தில் இதைப் பற்றிப் பேசிப் பெருமை தேடவில்லை. தம் மகள்கள் படிப்பதற்காக வீட்டில் அவர் தொடங்கிய பள்ளி பின்னர் வளர்ந்து பெரிதானது. 1960களின் நடுவில், 73ஆம் வயதில் அவர் மறைந்தார். வியன்னாச் செய்தி மகளின் நினைவில் மட்டும் தங்கியிருந்து பேரனுக்கு வந்தது.

இது மறைந்துபோனதற்கு அவருடைய அடக்கம் மட்டுமே காரணமன்று. காக்கும்போது எது உதவியதோ, அதுவே பின்னர் வரலாற்றை மறைத்தது. வெறும் வேலைக் கடிதமாகத் தோன்றியதால் அதிகாரிகள் ஐயுறவில்லை. வெறும் வேலைக் கடிதமாகத் தோன்றியதால் ஆவணக் காப்பகத்தில் அதைப் பார்ப்பவரும் அதை மீட்புச் செயலாக அறிய இயலாது. காப்பாற்றப்பட்டவர்களோ மூன்று கண்டங்களுக்குப் பிரிந்து சென்றுவிட்டனர். ஒரே இடத்தில் கூடிச் சாட்சி சொல்ல அவர்களுக்கு வாய்ப்பு அமையவில்லை.

காத்தவர்களை உலகம் நினைவுகூரும் முறை

யூதப் படுகொலையின் நினைவைக் காக்க 1953இல் இஸ்ரேலின் ஜெருசலேம் நகரில் யாத் வாஷெம் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. உயிரிழந்தவர்களின் நினைவோடு, யூதர்களைக் காத்த பிற இனத்தாரையும் போற்றுவது அதன் கடமைகளில் ஒன்று. 1963 முதல் ஒரு தனிக் குழு ஒவ்வொருவரைப் பற்றிய சான்றுகளையும் ஆராய்ந்து, ‘உலக மக்களுள் அறவோர்’ என்னும் பொருள் தரும் சிறப்பை வழங்கிவருகிறது. இதுவரை 28,000க்கும் மேற்பட்டோர் இச்சிறப்பைப் பெற்றுள்ளனர். தொடக்க காலத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மரம் நடப்பட்டது. பின்னர் இடம் போதாமல் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டன.

இப்பட்டியலில் உள்ளவர்களில் பெரும்பாலோர் எளிய மக்கள். உழவர், ஆசிரியர், செவிலியர், பாதிரியார், வீட்டுப் பணிப்பெண் எனப் பலரும் அதில் உள்ளனர். பிரான்சின் மலைக் கிராமமான லெ ஷாம்போன், பாதிரியார் ஆந்த்ரே ட்ரோக்மேயின் வழிகாட்டலில் அகதிகளுக்கு அடைக்கலம் தந்தது. டென்மார்க்கில் 1943 அக்டோபரில் மீனவர்களும் பொதுமக்களும் 7,000க்கும் மேற்பட்ட யூதர்களைப் படகுகளில் ஏற்றி ஸ்வீடனில் சேர்த்தனர். தாளும் முத்திரையும் கொண்டு காத்தவர்களும் உண்டு. 1940இல் லித்துவேனியாவில் இருந்த ஜப்பானியத் தூதர் சியுனே சுகிஹாரா ஆயிரக்கணக்கானோர் தப்பிச் செல்ல விசா எழுதிக் கொடுத்தார். குந்தன்லால் இருந்த அதே வியன்னாவில், சீனத் தூதர் ஹோ ஃபெங்ஷான் ஷாங்காய்க்கு விசா வழங்கி ஏராளமான யூதர்களைக் காத்தார். சுகிஹாராவுக்கு 1984இலும் ஹோவுக்கு அவர் மறைந்த பின் 2000இலும் இச்சிறப்பு வழங்கப்பட்டது.

யாத் வாஷெம் கடைப்பிடிக்கும் அளவுகோல்கள் கண்டிப்பானவை. காத்தவர் தம் உயிரையோ விடுதலையையோ பதவியையோ ஆபத்துக்கு உள்ளாக்கியிருக்க வேண்டும். பணம் பெற்றிருக்கக் கூடாது. உயிர் பிழைத்தவரின் சாட்சியோ ஆவணமோ இருக்க வேண்டும். ஒரு பெயரைக் கல்லில் பொறிக்குமுன் இத்தகைய கண்டிப்பு தேவைதான். ஆனால் உயிரைப் பணயம் வைக்காமல், பணத்தையும் காலத்தையும் பெயரையும் செலவிட்டு உதவியவர்கள் இந்த அளவுகோலுக்குள் எளிதில் அடங்குவதில்லை. போர் தொடங்குமுன் உதவியவர்கள் பெரும்பாலும் இந்த வகையினர். கதவுகள் திறந்திருந்த காலத்தில் கிடைத்த உதவியே பலருக்குக் கொலைக்களத்தைக் காணாமல் தப்ப வழிசெய்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்தியர் ஒருவர் வெளிநாட்டில் நன்றாகவே நினைவுகூரப்படுவதற்கு எடுத்துக்காட்டு, குஜராத்தின் நவாநகர் சமஸ்தான மன்னர் திக்விஜய்சிங்ஜி. 1942இல் சோவியத் நாட்டிலிருந்து வந்த போலந்து நாட்டு ஆதரவற்ற சிறுவர் சிறுமியருக்கு அவர் பாலாசடி என்னும் இடத்தில் முகாம் அமைத்துக் கொடுத்தார். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். யூதக் குழந்தைகளும் சிலர் இருந்தனர். போலந்தின் தலைநகர் வார்சாவில் ஒரு சதுக்கமும் ஒரு பள்ளியும் இன்று அவர் நினைவைத் தாங்கி நிற்கின்றன. 2024 ஆகஸ்டில் இந்தியப் பிரதமர் அங்கே சென்று மரியாதை செலுத்தினார். மன்னரின் உதவிக்கு முகாம் என்ற இடம் இருந்தது. ஒன்றாக வளர்ந்த நூற்றுக்கணக்கான குழந்தைகள் பெரியவர்களான பின் அதைச் சொன்னார்கள். லூதியானாவின் வணிகருக்கு அவ்வாறு சொல்ல ஒரு கூட்டம் இல்லை.

தமிழர் அறிந்த ஒரு நினைவு

அண்டை வீட்டாரின் கதவு திறப்பதா மூடுவதா என்பதில் உயிர் தொங்கிய காலம் தமிழர்களுக்கும் புதிதன்று. 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற இடங்களிலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வன்முறைக் கும்பல்கள் தமிழர் வீடுகளைத் தேடி வந்தன. அந்த நாள்களில் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டுக்குள் ஒளித்து வைத்து, வாசலில் நின்று ‘இங்கே யாரும் இல்லை’ என்று சொல்லி அனுப்பிய சிங்கள அண்டை வீட்டார் பலர் இருந்தனர். தப்பி வந்த தமிழர்களே இதை எழுதியும் சொல்லியும் வருகின்றனர்.

ஆயினும் அந்த அண்டை வீட்டாரின் பெயர்கள் பெரும்பாலும் அந்தந்தக் குடும்பத்தின் பேச்சிலேயே தங்கியுள்ளன. கொல்லப்பட்டோரின் நினைவையும் நடந்த கொடுமையையும் பதிவு செய்வது முதற்கடமை. காத்தவர்களைப் பதிவு செய்வதால் அந்தக் கொடுமை குறைந்துவிடாது. அதற்கு மன்னிப்பும் ஆகிவிடாது. ஒருவர் கதவைத் திறந்தார் என்ற பதிவு, திறக்காத மற்றவர்களுக்கும் அது இயலக்கூடியதாகவே இருந்தது என்பதைக் காட்டும். வேறு வழியில்லை, எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று பின்னாளில் சொல்லப்படும் சமாதானத்துக்கு அதுவே மறுப்பு. காப்பாற்றப்பட்ட தலைமுறை முதுமையை எட்டிவிட்ட இந்நேரத்தில், வீட்டுப் பெரியவர்களிடம் பெயர், ஊர், நாள் கேட்டு எழுதி வைப்பது இளைய தலைமுறையால் இயலும் பணி. வினய் குப்தாவின் தேடலும் ஒரு தாயின் ஒரு வரிச் செய்தியிலிருந்தே தொடங்கியது.

முடிவுரை

ஆஸ்திரிய யூதர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் ஐந்து குடும்பங்கள் மிகச் சிறிய அளவே. குந்தன்லால் படுகொலையைத் தடுத்துவிடவில்லை. அவர் அழைத்து வந்தவர்களுக்கும் இந்தியாவில் முகாம் வாழ்க்கையும் பிரிவும் காத்திருந்தன. வந்த சிலர் ஏமாற்றத்தோடு விலகிச் சென்றனர். இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறாகும்.

அதே நேரத்தில் 32 நாடுகளின் பிரதிநிதிகள் கூடியும் பெரிதாக எதுவும் தராத அதே ஆண்டில், நோயாளியாகப் படுத்திருந்த ஒரு வணிகர் தம்மிடம் இருந்ததைக் கொண்டு செயல்பட்டார். அவரிடம் இருந்தவை ஒரு தொழில், ஓர் ஊர், நம்பத்தக்க ஒரு கையெழுத்து. மரங்களும் சதுக்கங்களும் பெயர்ப்பலகைகளும் பெரிய செயல்களை நினைவூட்டுகின்றன. லூதியானாவின் கதையோ, எந்தத் தொழிலில் இருப்பவருக்கும் தம் தொழிலைக் கொண்டே பிறரைக் காக்க வழி இருக்கக்கூடும் என்பதை நினைவூட்டுகிறது. ஆண்டுதோறும் ஜனவரி 27ஆம் நாள் யூதப் படுகொலை நினைவு நாளாக உலகெங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளில் இந்திய மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டிய பெயர்களில் குந்தன்லாலின் பெயரும் ஒன்று.